சோளக்காட்டில் விற்ற கடற்கரை வீடு

1

என் தம்பி முருகேசன் கட்டியிருக்கும் புது வீடு, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து கொல்லிமலைக்கு வந்திருந்தோம், நானும் என் மகள் யாழினியும். பால் காய்ச்சி, பந்தி முடிந்து, உறவுக்கூட்டம் கலைந்ததும் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மலை அங்கே சட்டென்று கை நழுவிப் போகிறது. கீழே மேகம். மேகம் விலகினால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். அதற்கும் கீழே மரவள்ளிக் காடு. அதற்கும் கீழே, தொலைவில், வெயில் விழுந்து தகரத் தட்டுப்போல மினுங்கும் சமவெளி. இவ்வளவையும் பார்க்கும் இடத்தில் தம்பி வைத்திருப்பவை ஒரு குளியலறை, ஒரு விறகு அடுக்கு, ஒரு கோழிக்கூடு.

எனக்கு நெஞ்சு பதறியது. தொழில் அப்படி.

"ஏண்டா, இந்தப் பக்கம் வாசல் வெச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

"பள்ளத்தப் பாத்துட்டு என்னக்கா பண்றது? அது எங்கியும் போகப் போறதில்ல. ரோட்டப் பாத்து வெச்சாத்தான பஸ் வர்றது தெரியும்? பஸ் வர்றது தெரிஞ்சாத்தான யாவாரம்?"

"இந்தப் பார்வைக்கு எங்க ஊர்ல கோடி கோடியாக் கொட்டுவாங்கடா."

"கொட்டறவங்களக் கூட்டியாக்கா. கோழிக்கூட்ட இன்னைக்கே எடுத்துர்றேன்."

யாழினி கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள். மலையேறி வந்த வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தவள், வந்ததிலிருந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. தம்பியின் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்பது வேறு விஷயம்.

2

நான் விற்பது பார்வை. சுருக்கமாகச் சொன்னால் அதுதான் என் பிழைப்பு.

என் கணவர் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அந்தக் கைத்தொழில் அவரை ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஒரு படகுப் பட்டறைக்குக் கொண்டுபோனது. அவர் பின்னால் நான் போனேன். முதலில் விற்பனைக்கு வரும் பெரிய வீடுகளைத் துடைத்தேன். பிறகு அந்த வீடுகளுக்குத் தலையணை அடுக்கினேன். பிறகு, வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் போய்க் கதவு திறந்து, விளக்குப் போட்டு, திரைச்சீலை விலக்கி, "இதோ கடல்" என்று ஒதுங்கி நின்றேன். பரீட்சை எழுதி உரிமமும் வாங்கினேன்.

உரிமம் தரும் அலுவலகத்தில் பிறந்த இடத்தின் முழு முகவரி கேட்டார்கள். வீட்டு எண் இல்லை. தெருப்பெயர் இல்லை. திருப்புலி நாடு என்று எழுதினேன்; கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. கவுன்டரில் இருந்த இளைஞன், நாடு என்றால் என்ன என்று நல்ல மனதோடு கேட்டான். நானும் அவசரத்தில் "தேசம்" என்று சொல்லிவிட்டேன். "அப்படியானால் நீங்கள் இந்தியாவில் பிறக்கவில்லையா?" என்றான். இல்லாத ஒரு தேசத்தின் பிரஜையாக அரை மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன புதிதில் மொழியும் காலை வாரியிருக்கிறது. ஒரு வீட்டைக் காட்டும்போது "காற்று பிய்த்துக்கொண்டு வரும்" என்று மலைக்காரப் பெருமிதத்தோடு சொன்னேன். வந்தவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். காற்றுக்கு அங்கே இரண்டு சொல் உண்டு. ஒன்று வீட்டின் விலையை ஏற்றும். இன்னொன்று இன்சூரன்ஸை ஏற்றும். நான் சொன்னது இரண்டாவது.

ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அத்தனை பணம் வைத்திருப்பவர்கள் எதற்காகக் கடலோரத்திலேயே போய் விழுகிறார்கள்? கடலுக்காக என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரே கடல்தான், ஆனால் ஒவ்வொரு கரையும் ஒவ்வொரு ஆசையை விற்கிறது. கால்வாய் வெட்டிக் கடலை வீட்டுக் கொல்லைக்கே இழுத்து வந்திருக்கும் கரை ஒன்று உண்டு. அங்கே வாங்குகிறவர்களுக்குச் சமையலறையிலிருந்து பார்த்தால் சொந்தப் படகு தெரிய வேண்டும். அடுத்த வீட்டுக்காரரின் சமையலறையிலிருந்தும் அது தெரிந்தால் இன்னும் நல்லது. நீண்ட மணல்கரையில் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கே வாங்குகிறவர்கள் பாதி வருஷம் வேறு தேசத்தில் இருப்பார்கள். பூட்டினால் பூட்டினபடி இருக்க வேண்டும், கீழே காவலாளி பெயர் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். கடலில் அவர்கள் கால் நனைத்து நான் பார்த்ததில்லை. பாறை முனையில் தள்ளித் தள்ளிக் கட்டிய வீடுகளுக்கு வருகிறவர்கள் முதலில், "இங்கே யாரும் வர மாட்டார்கள் அல்லவா?" என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வி, "ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும்?"

குழந்தைகள் இருந்தால் பள்ளிக்கூடம், உயிர்காப்பாளர் நிற்கும் கடற்கரை. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு விருந்தினர் அறை. புதிதாகப் பணம் பார்த்தவர்களுக்கு வாசற்கதவு. பழைய பணக்காரர்களுக்கு அந்தக் கதவை யாரும் கவனிக்காமல் இருப்பது.

இப்படி எல்லாரையும் படித்து வைத்திருந்தேன். அந்தத் திமிரோடுதான் கிரகாம், ஹெலன் தம்பதியிடம் போனேன்.

3

கிரகாம் குளிர்சாதன லாரிகள் ஓட்டிப் பணக்காரரானவர். ஹெலன் ஓய்வுபெற்ற நர்ஸ். பிள்ளைகள் மூவரும் மூன்று ஊர்களில். லாரியை விற்றாகிவிட்டது, இனிக் கடலோரம் என்று வந்தார்கள்.

என் முதலாளி டெனிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவர்களை நீயே கவனி. இவர்கள் உன் மூலம் கையெழுத்திட்டால், அடுத்த தெரு முழுக்க உன் பெயரில் பலகை."

பலகை என்றால் என்னவென்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே விற்பனைக்கு இருக்கும் வீட்டு வாசலில் ஓர் ஆள் உயரத்துக்குப் பலகை நடுவார்கள். வீட்டுப் படம் இருக்கும். அதற்குக் கீழே விற்பவரின் முகமும் பெயரும் இருக்கும். நான் துடைத்த வீடுகள், தலையணை அடுக்கிய வீடுகள், விளக்குப் போட்ட வீடுகள் எல்லாவற்றின் முன்னாலும் வேறு யாருடைய முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. பெரும்பாலும் கெல்வினின் முகம். கெல்வின் நல்ல பையன். பற்கள் வரிசையாக இருக்கும். ஆனாலும் தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பற்களைக் கடந்து வேலைக்குப் போவது ஒரு பெண்ணுக்கு எளிதில்லை.

கிரகாமுக்கும் ஹெலனுக்கும் கால்வாய்க் கரையைக் காட்டினேன். பிரமாதம் என்றார்கள். கண்ணாடிக் கோபுரத்தைக் காட்டினேன். பிரமாதம். பாறை முனையைக் காட்டினேன். அதுவும் பிரமாதம். இரண்டு பேரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். காரில் ஏறியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள். வாரங்கள் போயின. தலையாட்டல் மட்டும் நிற்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு விடுப்புக் கேட்டபோது டெனிஸ் தரவே செய்தார். ஆனால் இங்கே வந்த மூன்றாம் நாள் காலை அவரிடமிருந்து செய்தி: "இன்று அவர்களிடம் ஒரு முடிவு வாங்கிவிடு. இல்லையென்றால் நாளையிலிருந்து கெல்வின் பார்த்துக்கொள்வான்."

4

தம்பி வீட்டில் சிக்னல் கிடையாது. மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரின் சந்தையில், பஸ் நிற்கும் இடத்துக்கும் தம்பியின் பழக்கடைக்கும் நடுவே நாலடி இடத்தில்தான் முழுசாக வரும். அந்த நாலடியில் நின்றுகொண்டு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு விற்பனைக் குரல் உண்டு. மெதுவாக, வெண்ணெய் தடவினாற்போல இருக்கும். யாழினிக்கு அந்தக் குரலைக் கேட்டாலே ஆகாது.

"அம்மா, ப்ளீஸ். அந்த வாய்ஸ் மட்டும் இங்க வேணாம். மாமா முன்னாடி எனக்குக் கூச்சமா இருக்கு."

"உனக்கு அங்க என் தமிழைக் கேட்டாக் கூச்சம். இங்க என் இங்கிலீஷைக் கேட்டாக் கூச்சம். நான் எந்த ஊர்ல வாயைத் திறக்கட்டும், சொல்லு?"

"ரெண்டுலயும் நீங்க வேற ஆளாப் பேசறீங்கம்மா. அதான்."

சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் வெள்ளைக் கார் ஒன்று வந்து கடைமுன் நின்றது. சென்னைத் தம்பதி. கணவர் இறங்கியதும் அடுக்கியிருந்த பழங்களைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"மலை வாழைப்பழம் நல்லதா ஒண்ணு குடுங்க."

முருகேசன் தராசைத் தொடவில்லை. "ஏனுங்க, இன்னைக்கே திங்கறதுக்குங்களா, ஊட்டுக்குக் கொண்டு போறதுக்குங்களா?"

"இருக்கறதுலயே பெஸ்ட் எதுவோ அதைக் குடுங்கப்பா."

"அப்படி ஒண்ணு இல்லீங்களே. எப்பத் திங்கறீங்கன்னு சொன்னீங்கன்னாத்தான எது நல்லதுன்னு நான் பாக்க முடியும்?"

"இப்பவே. கார்லயே" என்றார் கணவர்.

"இல்லைங்க, திருச்சில எங்க அக்கா வீட்டுக்கு. நாளன்னிக்குத்தான் போறோம்" என்றார் மனைவி, அதே மூச்சில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முருகேசனுக்குச் சிரிப்பு. "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க சாமி. பழம் எங்கியும் ஓடாது."

பிறகு அவன் உள்ளே போய் ஒரு சின்னத் தாரைத் தூக்கி வந்தான். மேல் சீப்புகள் மஞ்சளாகக் கனிந்திருந்தன. கீழ்ச் சீப்புகள் இன்னும் பச்சை. "மேல இருக்கறத இப்பப் பிச்சுத் தின்னுக்குங்க. கீழ இருக்கறது திருச்சி போறதுக்குள்ள பழுத்துரும். ரெண்டு பேருக்கும் ஒரே தார்ல ஆச்சு பாருங்க." அவர்கள் தாரோடு போனார்கள். கார் கிளம்பும்போதே கணவர் வாயில் பழம்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மலையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் பழம் விற்க மாட்டார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் இதே கடையில், இதே ரோட்டைப் பார்த்து நின்று நானே எத்தனை பஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கா, வீட்டுக்கா? கேட்காமல் கொடுத்தால், கனிந்த பழத்தை வாங்கிப் போனவன் அடுத்த முறை மலையேறும்போது அழுகின பையோடு வந்து சண்டை பிடிப்பான். கடல் கடந்து போய் வீடு விற்க ஆரம்பித்ததும் மற்ற எல்லாவற்றையும் கேட்டேன். எத்தனை படுக்கையறை, எந்தத் திசை, படகு எத்தனை அடி என்றெல்லாம். இதைக் கேட்கவில்லை. பெரிய மனிதர்களிடம் பெரிய கேள்விதான் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கிரகாமுக்கும் ஹெலனுக்கும் நான் காட்டிய மூன்றும் இருப்பதிலேயே பெஸ்ட். அவ்வளவுதான்.

அழைத்தேன். இருவரும் திரையில் வந்தார்கள், மறுபடி பார்க்கப் போயிருந்த பாறை முனை வீட்டின் பால்கனியில். பின்னால் கடல். எனக்குப் பின்னால் செந்தாரப்பட்டி பஸ் வந்து நின்று, மலையேறிய களைப்பில் பெருமூச்சு விட்டது.

வெண்ணெய்க் குரலில் தொடங்கினேன். பஸ் ஹாரன் அதை நசுக்கிவிட்டது. வேறு வழியில்லை. சோளக்காட்டுக் குரலில் கத்தினேன்.

"அது என்ன எஞ்சின்?" கிரகாமின் கண் விரிந்தது. "நல்ல ஏற்றம் ஏறி வந்திருக்கிறது போலிருக்கே!"

"வளைந்து வளைந்து ஏறி வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்கு ஒரு பதில் வேண்டும்." கைபேசியை யாழினியிடம் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பிடித்தாள். கடையில் தொங்கிய தாரை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். "இதில் மேலே மஞ்சளாக இருப்பது இன்றைக்குச் சாப்பிட. கீழே பச்சையாக இருப்பது பிறகு சாப்பிட. நீங்கள் வாங்கப்போகும் வீடு எதற்கு? இன்றைக்கா, பிறகா?"

"இன்றைக்கு" என்றார் கிரகாம்.

"பிறகு" என்றார் ஹெலன்.

இரண்டும் ஒன்றாக விழுந்தன. அங்கே கடல் இரைச்சல் கேட்டது. இங்கே பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி அன்னாசி என்ன விலை என்று கேட்டார்.

"எனக்குப் படகு வேண்டும், ஹெலன். கை ஓடுகிற வரைக்கும்தான் அது. அடுத்த வருஷம் யார் கண்டது?"

"நீ படகில் போய்விடுவாய். நான்?" ஹெலன் எங்களை மறந்துவிட்டார். "எனக்கு முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் படிகளைப் பார். இங்கே யாரோடு பேசுவேன்? பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள்?"

"இதை நீ சொல்லவேயில்லையே."

"கேட்டால்தானே?"

அந்த வார்த்தை கிரகாமுக்குச் சொன்னது. எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

"என்னக்கா, அவங்களும் ஆளுக்கொண்ணு சொல்றாங்களா?" என்று, இரண்டு குரலும் மோதிக்கொண்டதை வைத்தே ஊகித்து, முருகேசன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "அப்ப அந்தத் தாரு மாதிரி ஒண்ணு இருந்தாக் காட்டு."

இருந்தது! பழைய மீன்பிடித் துறைமுகத்தில் எங்கள் கையில் ஒரு வீடு இருந்தது. குளிர்காலத்திலிருந்து விற்காமல் கிடந்தது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. சமையலறை பழசு. அதைவிடப் பெரிய குறை, முன் அறையில் உட்கார்ந்தால் கடல் தெரியாது. எங்கள் தொழிலில் அதைவிட அவமானம் இல்லை. தம்பி வீட்டுப் பின்பக்கம் நின்று நான் பதறினேனே, அதே பதற்றத்தில்தான் அந்த வீட்டையும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

"நான் இதுவரை காட்டாத வீடு ஒன்று இருக்கிறது" என்றேன். "முன் அறையிலிருந்து கடல் தெரியாது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்."

"என்ன தெரியும்?" ஹெலன் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"தெரு. எதிரே ரொட்டிக்கடை. பஸ் நிற்கும் இடம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் கூட்டம். உங்கள் படுக்கையறை தரைத்தளத்தில், நீங்கள் ஏற வேண்டிய படியே கிடையாது. மாடி முழுக்கப் பிள்ளைகளுக்கு."

"படகு?" கிரகாமின் குரலில் பயம்.

"பின்கதவைத் திறந்து பத்தடி நடந்தால் படகுத்துறை. கடல் உங்களுக்குப் பின்னால்தான் இருக்கும். அது எங்கேயும் போகப் போவதில்லை."

முருகேசனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தால், என் வார்த்தையைத் திருடிவிட்டாய் என்று கூலி கேட்டிருப்பான்.

அலுவலகத்தில் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அப்புறம் காத்திருப்பு. நான் அந்த நாலடிக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சிக்னல் போய்விடுமோ என்று கையைத் தாழ்த்தாமல் நடந்தேன். டீக்கடைக்காரர், "ஏனுங்க, யாருக்காச்சும் பிரசவமுங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

யாழினி என்னைப் பார்த்தாள். "அம்மா, இப்பப் பேசினது நல்லா இருந்துச்சு. அது உங்க ரியல் வாய்ஸ்."

"கத்தினதா?"

"ம்ம். கத்தினதுதான்."

அடுத்த பஸ் வந்தபோது முருகேசன் அன்னாசி சீவிக்கொண்டிருந்தான். ஓர் அம்மாள் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தபடி நின்றார். யாழினி எழுந்து போய் அவர்முன் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"ஏனுங்க... டுடே திங்கவுங்களா, ஊட்டுக்குங்களா?"

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு கண்ணு நீ?"

யாழினி கையை நீட்டி, ரோட்டோரம் தள்ளித் தெரிந்த தம்பியின் புது வீட்டைக் காட்டினாள். "அந்த ஊடுங்க."

முருகேசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான். "பாதி இங்கிலீஷு, பாதி எங்க ஊருப் பேச்சு. யாவாரத்துக்கு இது போதும் சாமி!"

அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது. ஹெலன் அனுப்பிய படம். காலியான முன் அறையில், ஜன்னல் விளிம்பில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் அவர். மடியில் எதிர்க்கடை ரொட்டி. அறையின் மறுகோடியில் பின்கதவு திறந்து கிடக்கிறது. வாசற்படியில் கிரகாமின் ஒரு கால் மட்டும் தெரிகிறது. ஆள் ஏற்கெனவே வெளியே போய்விட்டார். படத்துக்குக் கீழே ஒரே வரி: எடுத்துக்கொள்கிறோம்.

நான் போட்ட சத்தத்தில் பஸ் டிரைவர் என்னமோ ஏதோவென்று எஞ்சினை நிறுத்திவிட்டார். சீவி வைத்திருந்த அன்னாசி முழுவதையும் முருகேசன் பஸ்ஸுக்குள் கொடுத்தனுப்பினான். "எங்க அக்கா கடல வித்துப்போட்டாங்க, தின்னுங்க!" என்று அவன் கத்தியதும், யார் எதை விற்றார்கள் என்று கேட்காமலேயே பஸ் முழுக்கக் கை நீண்டது.

டெனிஸ் கூப்பிட்டார். "அந்த வீட்டையா? எப்படி விற்றாய்?"

"வாழைத்தாரைக் காட்டினேன்."

"சரி" என்றார். "பலகைக்கு உன் படம் ஒன்று அனுப்பு."

5

கடற்கரைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. கிரகாமும் ஹெலனும் கையெழுத்திட்டுக் குடியேறிவிட்டார்கள். காலையில் பஸ்ஸில் போகும்போது ஹெலன் ஜன்னலில் இருப்பார். கையாட்டுவார். கிரகாமை அவ்வளவாகக் காண முடிவதில்லை. அதுதான் அவர் கேட்டது.

பலகைக்கான படத்தை யாழினிதான் எடுத்தாள், அன்றே, சோளக்காட்டிலேயே. இங்கே வீடு விற்பவர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டு, சாம்பல் நிறச் சுவரின் முன்னால் நின்று சிரிப்பார்கள். எனக்குப் பின்னால் தார்கள் தொங்குகின்றன, பலா அடுக்கியிருக்கிறது, ஓரத்தில் பஸ்ஸின் பாதி மூக்கு. ஸ்டூடியோப் படம் அனுப்பவா என்று டெனிஸிடம் கேட்டேன். "வேண்டாம், இந்தப் பெண்ணைத்தான் நான் வேலைக்கு வைத்தேன்" என்றார். அந்தப் படத்தைத் தம்பியும் அச்சடித்துக் கடையில் மாட்டியிருக்கிறானாம். அக்கா எந்தப் பழத்தை விற்கிறார் என்று டூரிஸ்ட்டுகள் கேட்கிறார்களாம். கடல் என்று சொல்கிறானாம்.

இன்று காலை முதல் பலகையை நட ஆள் வந்தார். குழி தோண்டி, பலகையைத் தூக்கி, கடற்கரை நடைபாதையைப் பார்த்து நிறுத்தினார். அங்கேதான் எல்லாப் பலகைகளும் நிற்கும். கெல்வினின் பற்கள் உட்பட.

"கொஞ்சம் திருப்புங்கள்" என்றேன்.

"கடல் பக்கம்தானே எப்போதும்?"

"கடல் எதுவும் வாங்காது. இந்தப் பக்கம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திருப்பினார். மண்ணைப் போட்டு மிதித்தார். நான் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். என் முகம், என் பெயர், பின்னால் சோளக்காடு. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி. வளைவில் முதல் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.